பாசி படியாத வாக்கியம்

ஒரு நாகரிகத்தின் மேன்மையை அதன் கோபுரங்களை வைத்து அளந்தது பழைய காலம். குழாய்களை வைத்து அளப்பதே முறை என்று கண்டறிந்த பெருமை குடிநீர் வழங்கல் வாரியத்தின் தலைவரையே சாரும். சரி, குழாயை எதை வைத்து அளப்பது? அதற்கும் அவரே விடை கண்டார். மீனை வைத்து.

சாதாரண மீன் அல்ல. "ஆத்து மீன் சாக்கடையிலகூட உயிரோட இருக்கும். அதை வச்சு என்னத்த நிரூபிக்கிறது? கடல் மீன்தான் ரோஷமுள்ள மீன்" என்று, வெளிநாட்டு 'ஆய்வுப் பயண'த்திலிருந்து திரும்பிய கையோடு அவர் அறிவித்தார். அந்தப் பயணத்தில் அவர் முக்கியமாக ஆராய்ந்தது தாம் தங்கிய ஓட்டலின் வரவேற்பறையைத்தான். சில வாரங்களில் வாரியத்தின் கூடத்தில் ஆள் உயரக் கண்ணாடித் தொட்டி ஒன்று வந்து இறங்கியது. உள்ளே வெள்ளை மணல், பாறைகள், அவற்றின்மேல் விரல் விரித்தாடும் உயிர்ப் பவளங்கள், நீலமும் மஞ்சளுமாக மீன்கள். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீனும் ஒன்று இருந்தது. அது ஓயாமல் வாயைத் திறந்து திறந்து மூடியதால் ஊழியர்கள் அதற்குச் 'சின்னத் தலைவர்' என்று பெயர் வைத்து, 'அவர்' என்றே மரியாதையாகக் குறிப்பிட்டார்கள்.

வாரியத்தின் குழாய் நீரைப் பிடித்து, கடையில் வாங்கிய கடல் உப்பைக் கரைத்துத் தொட்டியில் ஊற்றுவார்கள். ஆகவே தொட்டிக்கு மேலே பித்தளைத் தகட்டில் பொறித்திருந்த வாக்கியம் எழுத்துக்கு எழுத்து உண்மை: 'நாங்கள் வழங்கும் நீரில் இந்த மீன்கள் வாழ்கின்றன.'

அதை எழுதியவர் வாரியத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி. பணிக்காலத்தில் எழுதிய எத்தனையோ வாக்கியங்களில் உண்மையானது இது ஒன்றுதான் என்பதால், அவருக்கு அதன்மேல் தனி வாஞ்சை. காலையில் வந்ததும் கைக்குட்டையால் தகட்டைத் துடைத்துவிட்டுத்தான் இருக்கையில் உட்காருவார்.

தொட்டி வந்ததிலிருந்து புகார் விசாரணை வெகு சுலபமாகிவிட்டது. யாராவது கலங்கல் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்தால், அதிகாரி அவரைக் கையோடு தொட்டிக்கு அழைத்துப் போவார்.

"தண்ணி மஞ்சளா வருதுங்க. நாத்தம் வேற."

"இருக்கட்டும். இது என்ன?"

"மீனு."

"எந்தத் தண்ணியில இருக்கு? மேல படிங்க."

"நீங்க குடுக்கற தண்ணியிலன்னு போட்டிருக்கு."

"நாள் பூரா அதே தண்ணியில கிடக்குது. வாயையும் திறந்து திறந்து மூடுது. ஏதாவது புகார் சொல்லுதா?"

"இல்லைங்க."

"அதான் பொறுப்புள்ள பயனாளி."

வந்தவர் பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விடுவார். 'தீர்வு காணப்பட்ட புகார்' ஒன்று கூடும். மனிதர்கள் விசாரித்த காலத்தில் இவ்வளவு வேகம் இருந்ததில்லை.

அதிகாரியின் வீட்டில் மட்டும் ஒரு புகார் தீராமல் கிடந்தது. அவருடைய ஒரே மகளுக்குச் சில மாதங்களாக ஓயாத வயிற்றுக் கோளாறு. நான்கு நாள் பள்ளிக்கூடம் போனால் இரண்டு நாள் சுருண்டு படுத்தாள். கன்னம் ஒட்டியது, சீருடை தொளதொளத்தது. டாக்டர் "வெளிச் சாப்பாட்ட நிறுத்துங்க" என்றார். பாப்பா வெளியே எதையும் தொடுவதில்லை என்றார்கள். "அப்ப வீட்டுச் சாப்பாட்டையும் கொஞ்சம் குறைங்க" என்றார்.

அவருடைய மனைவி பள்ளி ஆசிரியை. கேள்வி கேட்டே பழகியவர்.

"தண்ணியக் கொதிக்க வச்சுக் குடுத்துப் பார்ப்போமாங்க?"

"யார் வீட்டுல? என் வீட்டுலயா? நம்ம தண்ணிய நாமளே கொதிக்க வச்சா ஊர் என்ன சொல்லும்? பக்கத்து வீட்டுக்காரன் பார்த்தான்னா நாளைக்கு நான் ஆபீஸ்ல தலை நிமிர்ந்து நடக்க முடியுமா?"

"அடுப்பு சமையக்கட்டுல இருக்கு. பக்கத்து வீட்டுக்காரன் அங்கயா உக்காந்திருக்கான்?"

"மனசாட்சின்னு ஒண்ணு இருக்கில்ல?"

"அப்ப அதையும் சேர்த்துக் கொதிக்க வைக்கிறேன்."

அதிகாரி அசைந்து கொடுக்கவில்லை. நிறுவனப் பற்று என்பது வாசலோடு நின்றுவிடக் கூடாது, அடுப்படி வரை வர வேண்டும் என்பது அவர் கொள்கை. பாப்பா குழாய் நீரையே குடித்து வந்தாள்.

நிர்வாகம் இப்படிச் செழித்திருந்த வேளையில்தான் தொட்டியில் பாசி பிடித்தது.

முதலில் மணலில் ஒரு ஓரமாக, காய்ந்த ரத்தக் கறை போலத் தெரிந்தது. பிறகு பாறைக்குத் தாவியது. வழவழவென்று, ஜவ்வுத்தாள் விரித்த மாதிரி, கருஞ்சிவப்பாகப் பவளங்களின்மேல் படர்ந்து போர்த்தியது. பவளங்கள் விரல்களை உள்ளே இழுத்துக்கொண்டன. கூடத்தில் அழுகல் வாடை அடித்தது. புகார் கொடுக்க வந்த ஒருவர் தொட்டியைப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டு வாளியிலயும் இதேதாங்க" என்று உற்சாகமாகச் சொன்னார். விஷயம் கைமீறிப் போவதை அதிகாரி உணர்ந்தார். போதாக்குறைக்கு, 'தூய நீர் விருது' வழங்கும் குழு தொட்டியை நேரில் பார்வையிட வரப்போவதாகத் தகவலும் வந்திருந்தது.

அவசரக் கூட்டம் கூடியது. வாரிய வளாகத்தில் 'பாசி' என்ற சொல்லை யாரும் உச்சரிக்கலாகாது என்பது முதல் தீர்மானம். இனி அது 'செந்நிற மேற்பரப்பு வளர்ச்சி' என்றே அழைக்கப்படும் என்பது இரண்டாவது. பெயர் அழகாக அமைந்துவிட்டதில் ஒரு சங்கடமும் எழுந்தது.

"வளர்ச்சிய ஒழிக்கிறதுக்கு வாரியமே நிதி ஒதுக்கினா நல்லாவா இருக்கும்?" என்று நிதி அலுவலர் கேட்டார்.

"மீனுக்குத் தீனி அதிகம். அதான்" என்றார் ஒருவர்.

"விளக்கு வெளிச்சம் ஜாஸ்தி" என்றார் இன்னொருவர்.

தண்ணீர் சுத்திகரிப்புப் பொறியாளர் மட்டும் கூரையில் ஓடும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைவர் மேசையைத் தட்டினார். "அழுக்கு எதனால போகும்? தண்ணியால. தண்ணி யாருகிட்ட இருக்கு? நம்மகிட்ட. பழைய தண்ணிய இறைச்சுட்டு நம்ம தண்ணிய ஊத்துங்க!"

கைத்தட்டலுக்கிடையே தீர்மானம் நிறைவேறியது. குழாய் நீர் குடம் குடமாக வந்தது. உப்புக் கரைந்தது. ஊற்றினார்கள். மறுநாள் பாசி இரண்டு மடங்கு தடித்திருந்தது. ஊற்றியது போதவில்லை என்று முடிவு செய்து அன்றாடம் மாற்றினார்கள். விருந்தாளி போக மாட்டேன் என்கிறானே என்று தினமும் விருந்து வைத்த கணக்காகப் பாசி கொழுத்தது. தன் முகம் தெரியாமல் போன சின்னத் தலைவர் கண்ணாடியில் முட்டிக்கொண்டார்.

கடைசியில் மீன் விற்ற கடைக்காரரை வரவழைத்தார்கள். அவர் ஒரு ரப்பர் குழாயை விட்டுப் பாசியை உறிஞ்சி எடுத்தார். அது பாய் சுருட்டுவது போலப் பத்தையாகப் பெயர்ந்து வந்தது. தீனியைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். பிறகு விளக்கை அணைத்து, தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடி, "சில நாளைக்கு வெளிச்சமே படக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நாட்களில் வாரியம் புகார் எதையும் ஏற்கவில்லை. 'விசாரணை அலுவலர்கள் ஓய்வில் உள்ளனர்' என்று துணியின்மேல் ஓர் அட்டை தொங்கியது.

துணியை எடுத்தபோது தொட்டி துடைத்து வைத்தது போல இருந்தது. எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். குறைந்திருந்த தண்ணீரைச் சரிக்கட்டக் குழாய் நீரை ஊற்றினார்கள். அந்த வாரம் முடிவதற்குள் பாசி வந்துவிட்டது.

கடைக்காரர் மறுபடி வந்து தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என்ன தண்ணி சார் ஊத்துறீங்க?"

"நம்ம தண்ணிதான்" என்றார் அதிகாரி, தகட்டைக் காட்டி.

"அதான பார்த்தேன். பாசிக்குச் சாப்பாடே தண்ணியில வருது சார். பைப் எங்கயோ உடைஞ்சு சாக்கடை கலக்குது போல. நீங்க ஊத்த ஊத்த அது தின்னுட்டு வளருது. அது கிடக்கட்டும், குளோரினை எடுக்கத் தண்ணியில என்ன மருந்து போடறீங்க?"

"ஒண்ணும் போடறதில்லையே."

"போடாமயா? ஊர்த் தண்ணியில கிருமி சாக குளோரின் போடுவாங்களே. மீனுக்கு அது விஷம் சார், செவுளு வெந்து செத்துப் போயிடும். உங்க மீனு எப்படி உயிரோட இருக்கு?"

"அதுதான் நம்ம தண்ணியோட பெருமை."

கடைக்காரருக்குப் பெருமையில் தலையிடும் பழக்கம் இல்லை. "சரி சார். தண்ணிய வடிகட்டற மிஷின் ஒண்ணு என் கடையில இருக்கு. மாட்டினா பாசி போயிடும். மீனுங்க மென்மையான ஜீவன், சுத்தமான தண்ணிதான் ஆகும். மனுஷங்களப் பத்தி ஒண்ணுமில்ல, பழகிடும்" என்றார்.

அதிகாரியின் சிரிப்பு பாதியில் நின்றது. நேராகப் பொறியாளரின் அறைக்குப் போனார்.

"நம்ம தண்ணியில குளோரின் போடறோமா இல்லையா?"

பொறியாளர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"போட்டுட்டுதான் சார் இருந்தோம். முத தடவை மீன் வந்தப்ப ஞாபகம் இருக்கா? சாயங்காலத்துக்குள்ள எல்லாம் மல்லாந்துடுச்சு."

"ஆமா. கடைக்காரன் நோஞ்சான் மீனைத் தள்ளிவிட்டுட்டான்னீங்க."

"வெளியில அப்படிச் சொன்னோம். தலைவர்கிட்ட உண்மையச் சொன்னேன். குழாய்த் தண்ணியில மருந்து இருக்கு, மீனுக்கு ஆகாது, தொட்டிக்கு மட்டும் மருந்தில்லாத தண்ணி தனியா எடுத்துக்கலாம்னேன். ஒத்துக்கவே இல்லை."

"ஏன்?"

"உங்க தகடு வந்துட்டுது சார். பித்தளையில பொறிச்சாச்சு. 'நாங்கள் வழங்கும் நீரில்'னு போட்டுட்டு மீனுக்குத் தனித் தண்ணி குடுத்தா அது ஜனங்கள ஏமாத்தறது இல்லையான்னு கேட்டார். நியாயம்தானே? வாக்கியத்த மாத்த வழியில்ல. அதனால தண்ணிய மாத்திட்டோம்."

"எந்தத் தண்ணிய?"

"ஊர்த் தண்ணிய."

செருப்பு பொருந்தவில்லை என்று காலை வெட்டிக்கொண்டவன் கதையைப் பலரும் கேட்டிருக்கலாம். ஆனால் அவன் வெட்டியது சொந்தக் காலை. ஓர் ஊரின் காலையே வெட்டி, அதிலும் நேர்மைக்காக வெட்டி, சரித்திரம் படைத்தது இந்த வாரியம்.

"சாக்கடை கலக்குதாமே?" என்றார் அதிகாரி.

"கசிவு என்னிக்கும் இருக்கறதுதான் சார். முன்னாடி மருந்து இருந்துச்சு, தெரியல."

அதிகாரிக்குக் கணக்குப் போடத் தேவையே இருக்கவில்லை. தொட்டி வந்த மாதம்தான் பாப்பா முதன்முதலாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் எழுதியதில் உண்மையான ஒரே வாக்கியம் அது. அதை உண்மையாக வைத்திருப்பதற்காகத் அவர் பிள்ளை நாளெல்லாம் சாக்கடையைக் குடித்திருக்கிறாள்.

அன்று வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்தார். மனைவி சமையலறை நிலையில் சாய்ந்து பார்த்தார்.

"பக்கத்து வீட்டுக்காரன் பார்த்துடப் போறான்."

அதிகாரி அடுப்பைப் பெரிதாக்கினார்.

மறுநாள் தலைவரைப் பார்த்தார். தலைவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"மிஷின் வாங்கிடலாம். வாரியத்து மிஷின்ல வர்ற தண்ணி வாரியம் வழங்கற தண்ணிதானே? தகடு பொய்யாகாது."

"ரொம்ப நல்லது சார். மீனுக்குத்தான் மிஷின் வந்துடுமே, ஊர்த் தண்ணியில பழையபடி மருந்து போட்டுடலாம்."

"அவசரப்படாதீங்க. விருதுக்குழு முன்னாடி குழாயைத் திறந்து, ஒரு டம்ளர் பிடிச்சு, நானே தொட்டியில ஊத்தப் போறேன். அந்த நேரம் பார்த்துச் சின்னத் தலைவர் மல்லாந்துட்டா?"

"ஒரு டம்ளர்ல ஒண்ணும் ஆகாது சார்."

"ஆகாதுன்னு மீன் எழுதிக் குடுக்குமா? விருது முடியட்டும், பார்த்துக்கலாம். அப்புறம், இன்னொரு டம்ளரை ஒரு குழந்தை குடிக்கணும். போட்டோவுக்கு நல்லா இருக்கும். உங்க பொண்ணு இருக்காளே?"

"சார், அவளுக்கு உடம்பு..."

"ஒல்லியா இருந்தாதான் படத்துல எடுப்பா இருக்கும்."

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது. வாக்கியத்தை எழுதியவர் யாரிடம் போய் வாக்கியத்தைக் குறை சொல்வது? "சரிங்க சார்" என்றார் அதிகாரி.

மிஷின் வந்தது. தொட்டிக்குப் பின்னால், திரைச்சீலை மறைவில், இரைச்சல் இல்லாமல் வேலை செய்தது. ஒரே ஒருமுறை பாசியை உறிஞ்சி எடுத்தார்கள். அது திரும்பவே இல்லை. மணல் வெளுத்தது, பவளங்கள் மீண்டும் விரல் விரித்தன, சின்னத் தலைவர் தன் முகத்தைத் தானே ரசித்தார். ஊரிலேயே சுத்தமான தண்ணீர் கிடைக்கும் இடம் இப்போது அந்தத் தொட்டி ஒன்றுதான். என்ன, கொஞ்சம் உப்புக் கரிக்கும்.

விருதுக்குழு வந்தது. தலைவர் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்துத் தொட்டியில் ஊற்றினார். மீன்கள் சாகவில்லை. கூடம் கைத்தட்டலில் அதிர்ந்தது. பிறகு பாப்பா வந்தாள். அவளுக்கான டம்ளரை அப்பாவே நிரப்பிக் கொடுத்தார், மூடி போட்ட ஒரு ஜக்கிலிருந்து. காலையில் வீட்டில் கொதிக்க வைத்து ஆற்றிக் கொண்டுவந்த தண்ணீர் அது. பாப்பா ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் சிரித்தாள். காமிராக்கள் மின்னின.

"தண்ணி எப்படிம்மா இருக்கு?" என்று குழுத் தலைவி குனிந்து கேட்டார்.

"எங்க வீட்டுத் தண்ணி மாதிரியே இருக்கு" என்றாள் பாப்பா.

மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா மட்டும் கைதட்டவில்லை. கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விருது கிடைத்தது. அதிகாரி மறுபடி தலைவரின் அறைக்குப் போனார்.

"மருந்து போட ஆரம்பிச்சுடலாமா சார்?"

தலைவர் உண்மையிலேயே புண்பட்டுப் போனார். "விருது வாங்கின தண்ணி. அதுல இப்பப் போய் மருந்தைக் கலக்கறதா? நீங்களா இப்படிக் கேக்கறீங்க?"

பித்தளைத் தகட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு படம் ஏறியது. டம்ளரும் சிரிப்புமாகப் பாப்பா. நிஜப் பாப்பாவுக்கு இதற்குள் கன்னம் உப்பி, சீருடை பிடிக்க ஆரம்பித்திருந்தது. வயிற்று வலி போன இடம் தெரியவில்லை. அதிகாரியோ தகட்டைத் துடைப்பதை விட்டிருந்தார். தினமும் அந்தப் படத்தைத் தாண்டித்தான் தன் அறைக்குப் போக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டே போவார்.

ஒரு நாள், இடுப்பில் ஒரு குழந்தையும் கையில் ஒரு பாட்டிலுமாக ஒரு பெண் வந்தாள். குழந்தை அழக்கூடத் தெம்பில்லாமல் அவள் தோளில் துவண்டு கிடந்தது. பழக்க தோஷம், அதிகாரியின் கால்கள் தாமாகவே அவளைத் தொட்டிக்குக் கூட்டிப் போயின. அவர் வாய் திறப்பதற்கு முன்பே அவள் தகட்டைப் படித்துவிட்டாள். படத்தையும் பார்த்துவிட்டாள்.

"எல்லாம் சரியாத்தாங்க இருக்கு" என்றாள், தன்மேல்தான் ஏதோ தப்பு என்பது போல. "இந்தப் பாப்பா குடிச்சிட்டுச் சிரிக்குது. என் புள்ளைக்கு மட்டும் ஏங்க இப்படி?"

'தீர்வு காணப்பட்ட புகார்' கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அவர் சும்மா நின்றாலே போதும், அவள் போய்விடுவாள்.

"அது என் பொண்ணும்மா" என்றார் அதிகாரி. "அவ குடிச்சது நான் கொதிக்க வச்சுக் கொண்டுவந்த தண்ணி. நீங்களும் கொதிக்க வைங்க. அக்கம்பக்கத்துலயும் சொல்லுங்க."

அவளுக்குப் புரியவில்லை. தொட்டிக்குள் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்த சின்னத் தலைவரைப் பார்த்தாள்.

"ஆனா மீனு உயிரோட இருக்குதுங்களே?"

"அதனாலதாம்மா" என்றார் அதிகாரி.